எந்தச் சபை?

எங்க நைனா பறையடிக்கிறவர். திருவாலங்காட்டுச் சேரியில் பிறந்து, சுத்துப்பட்டு ஊரெல்லாம் சாவுக்கு அடித்தவர். கலைஞர்களுக்கு உதவித்தொகை என்று கேள்விப்பட்டு ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "எந்த சபாவுல வாசிச்சிருக்கே? சர்ட்டிபிகேட் எங்க?"

"எங்க ஊர்லயே சபை இருக்குது சார், ரத்தின சபை. நாங்க வெளியவே அடிச்சோம்."

அவருக்குப் புரியவில்லை. நடராசன் ஆடுகிற ஐந்து சபைகளில் ஒன்று எங்கள் ஊர். காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காட்டு ஆட்டம் சுடுகாட்டு ஆட்டம். தோல்கருவிகள் முழங்க நடக்கிற ஆட்டம். சுடுகாட்டில் ஆடினவனுக்குக் கோயில். சுடுகாடுவரை அடித்துப்போனவனுக்கு ஒரு காகிதம் இல்லை.

ராஜேந்திர சோழன் இந்தக் கோயிலுக்குப் பழையனூரையே எழுதிக் கொடுத்தான். செப்பேடு சாட்சி. நைனா வாங்கின படி நெல்லை எவனும் எதிலும் எழுதவில்லை. எழுதாதவர்களே இன்றைக்கு எழுத்து கேட்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காலேஜில் படித்தபோது பறையைத் தூக்கிப்போடச் சொன்னவன் நான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லி உதை வாங்கிய சேரிகள் உண்டு. அந்த மறுப்பு நியாயம். சாதி அடிக்கச் சொன்னால் மறுப்போம். விரும்பி அடிக்கிறவனுக்குக் கூலி கேட்போம். இரண்டும் ஒரே சண்டைதான்.

2020இல் நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசையைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறின. யாரிடமும் இடம் கேட்கவில்லை; மேடையே நம்முடையது. 2025இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ. சந்தோஷம். ஆனா ஒருத்தர் கழுத்துல மாலை விழுந்தா ஊருக்கெல்லாம் சோறு வந்துடாது.

யாருக்குக் காசு என்று முடிவு செய்கிற குழுவில் பறையடிக்கிறவர் உட்கார வேண்டும். சபா சர்ட்டிபிகேட்டுக்குப் பதில் சேரியின் வாய்ச்சொல்லை ஏற்க வேண்டும். நம்ம கலைவிழாவும் யோக்கியமில்லை: பறை கீழே, மைக் படிச்சவன் கையில். என் கையிலும்தான்.

ரயிலில் திரும்பும்போது நைனா சொன்னார்: "நான் யாருக்கு அடிச்சேனோ அவங்கல்லாம் செத்துட்டாங்க. யார்கிட்டடா கையெழுத்து வாங்குறது?"

விண்ணப்பம் வீட்டில் இருக்கிறது. மறுபடி போகிறோம். இந்தத் தடவை சேரியில் பறையடிக்கிற எல்லாரும்.