பெட்டியைக் காட்டலையாம்!

வயல், வரப்பு, மாடுன்னு எழுதிக்கிட்டிருந்த ஆள் வீடியோ கேம் பத்தி எழுதுறானேன்னு பாக்காதீங்க. பொங்கலுக்கு மெட்ராஸ்ல இருந்து வந்த என் மகனும் தம்பி மகனும் மூணு நாளா திண்ணையில உக்காந்து சண்டை போட்டது இதுக்குத்தான். "பெட்டியைக் கண்ணுல காட்டாம ரெண்டு மணி நேரம் பேசியே ஏமாத்தினான் சோனிக்காரன். பொருளைக் காட்டாதவனை நீங்க நம்புவீங்களா பெரியப்பா?" என்று தம்பி மகன் என்னிடமே கேட்டான். என் மகன் லேப்டாப்பில் அந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினான். முழுக்க உக்காந்து பாத்தேன். புரியாத இங்கிலீஷை அவன் சொல்லிக்கொடுத்தான். இந்தப் பழி நியாயம் இல்லைன்னு எனக்குப் பட்டது. ஏன்னு சொல்றேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காக: 2013 பிப்ரவரி 20-ந் தேதி, நியூயார்க்கில் சோனி கம்பெனி பிளேஸ்டேஷன் 4-ஐ அறிமுகம் செய்தது. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரைக் காட்டினார்கள். கேம் தயாரிப்பவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து தங்கள் கேம்களைக் காட்டினார்கள். உள்ளே என்ன சிப், எவ்வளவு மெமரின்னு சொன்னார்கள். டிவி பக்கத்தில் வைக்கிற அந்தப் பெட்டியை மட்டும் காட்டவில்லை. அவ்வளவுதான், உலகம் பூரா கேலி.

இதில் மற்றவர்கள் கவனிக்காம விட்டது எது தெரியுமா? மார்க் செர்னி என்று ஒருத்தர் பேசினார். இந்த மெஷினை வடிவமைத்த தலைமை ஆள் அவர்தான். தானே கேம் செய்து பழகினவர். அவர் பேச்சின் சாரம், கேம் செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத மெஷினாக இதைச் செய்திருக்கிறோம் என்பதுதான்.

அது ஏன் பெரிய பேச்சுன்னு புரிய, முந்தின மெஷினைத் தெரிஞ்சுக்கணும். 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்குள் 'செல்' என்று ஒரு சிப். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூணும் சேர்ந்து செய்தது. பலம் அதிகம், ஆனா பழக்குவது கஷ்டம். மெமரியும் ஒரே இடத்தில் இல்லை, 256 எம்பி இங்கே, 256 எம்பி அங்கே என்று ரெண்டாகப் பிரிந்திருந்தது. வீட்டுக்கு ரெண்டு குதிர் வச்சு, இதில் உள்ள நெல்லை அதுக்கு எடுக்க முடியாதுன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் கேம் செய்கிறவர்கள் அவதிப்பட்டார்கள். புது மெஷினில் 8 ஜிபி, ஒரே குதிர். பழைய மொத்தத்தைப் போல 16 மடங்கு. சிப்பும் சாதாரண கம்ப்யூட்டர் வகையைச் சேர்ந்தது, எல்லாருக்கும் பழகினது.

இதை அவர்கள் சும்மா உக்காந்து யோசிச்சுச் செய்யவில்லை. கேம் செய்கிற ஆட்களிடம் போய் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் நான் நிமிர்ந்து உக்காந்தேன்.

ஒற்றை நாற்று நடவுக்குக் களை எடுக்க கோனோவீடர் வந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாக்க அழகான கருவி. பெயின்ட் அடிச்சு வரிசையா நிக்க வச்சுக் காட்டினார்கள். எங்க ஊர் களிமண்ணில் இறக்கினால் சேறு அப்பிக்கிட்டு உருள மாட்டேன்னுது. தள்ளினது பூரா பொம்பளையாளுங்க. சாயங்காலம் தோளைத் தூக்க முடியலைன்னு உக்காந்தாங்க. களை எடுக்கிறது அவங்க, ஆனா கருவி செய்யும்போது அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்ட மாதிரி தெரியலை. அதனால், எந்தக் கருவியா இருந்தாலும், 'வேலை செய்றவன் கிட்ட கேட்டோம்' என்று ஒருத்தன் சொன்னால் அதை நான் மதிப்பேன். வெளிப்பெட்டி எந்த நிறம்னு பிறகு பாத்துக்கலாம்.

காட்டாமல் விற்றான் என்பதும் சரியில்லை. அன்னைக்கு விலையே சொல்லலை. ஜூன் 10-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் பெட்டியையும் காட்டி, 399 டாலர்னு விலையும் சொன்னார்கள். அமெரிக்காவில் கடைக்கு வந்தது நவம்பர் 15. வாங்கிறவனுக்கு அஞ்சு மாசம் பாத்து யோசிக்க நேரம் இருந்தது. இதில் ஏமாத்து எங்கே இருக்கு?

எதிர்க்கடை மைக்ரோசாஃப்ட் மே 21-ந் தேதி எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை மேடையிலேயே காட்டியது. ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இன்டர்நெட்டில் இணைக்கணும், பழைய கேமை விற்க, கொடுக்கக் கட்டுப்பாடு என்று விதி வைத்திருந்தார்கள். ஜனங்க கொதிச்சதும் ஜூன் 19-ந் தேதி அதை வாபஸ் வாங்கினார்கள். பெட்டியை உத்து உத்துப் பாத்தவனுக்கு அந்த விதி தெரிஞ்சிருக்குமா?

மாட்டுச் சந்தையில் பல்லைப் புடிச்சுப் பாப்போம், சுழி பாப்போம், நாலடி நடக்க விட்டுப் பாப்போம். சலங்கையைக் காட்டலைன்னு யாரும் சண்டைக்குப் போறதில்லை.

அதுக்காக சோனிக்காரன் சொன்னதெல்லாம் சரின்னு நான் சொல்லலை. பிளேஸ்டேஷன் 3-க்கு வாங்கி வச்ச டிஸ்க் இதில் ஓடாது. காசு போட்டவன் கேக்கத்தான் செய்வான். ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனிக்காரர் மேடை ஏறி, எங்க அறிவிப்பை ஜூன் மாசம் சொல்றோம்னு மட்டும் சொல்லிட்டு இறங்கினார். எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாத்துக்கும் மேல விலை. அமெரிக்காவில் 399 டாலர்னா அப்போ நம்ம காசுக்கு சுமார் 25,000. நம்ம நாட்டில் 2014 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது 39,990 ரூபாய்க்கு. அப்போ ஒரு நல்ல கறவை மாட்டு விலை.

திட்டணும்னா அந்த விலையைத் திட்டுங்கப்பா, நானும் கூட வர்றேன்.