மேடு ஏறாத மோட்டார் வண்டி

நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. ஒரு காரியம் கெட்டுவிட்டால், அஃது ஏன் கெட்டது என்று கேட்பதற்கு முன்னர், யாரால் கெட்டது என்று கேட்கிறோம். ஆள் அகப்படாவிட்டால் வேளையின்மீது பழியைப் போடுகிறோம். மோட்டார் வண்டியின் விஷயத்தில் இப்பழக்கம் எவ்வளவு பணநஷ்டத்தையும், அதனினும் பெரிதாக எவ்வளவு அநியாயத்தையும் விளைவிக்கக் கூடும் என்பதை 2016-ஆம் ஆண்டில் நேரிற் கண்டேன். தோட்டத்திலும் பட்டணத்திலும் பழைய வண்டி வைத்துக்கொண்டு காலந்தள்ளும் அன்பர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் அதனை இங்கு எழுதுகிறேன்.

அப்பொழுது என்னிடம் இருந்த வண்டி 1990-களில் செய்யப்பட்டது. கோலாலம்பூர்த் தெருக்களில் அதற்கு ஒரு குறையும் இல்லை. காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். விளக்கண்டை நிற்கும்போது அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பெந்தோங்குக்குப் போகக் காராக் நெடுஞ்சாலையில் திரும்பி, கெந்திங் செம்பா மேட்டில் ஏறத் தொடங்கினால், பாதி வழியில் அதற்கு மூச்சுத் திணறும். மிதியை அழுத்த அழுத்த வேகம் குறையும். சரக்கு லாரிகளும் நம்மைத் தாண்டிப் போகும். மிதியைச் சற்று விட்டால் மீண்டும் உயிர் வரும்.

அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. மாமா ஒருவர் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். இன்னொருவர் தீப்பொறிப் பிளக்குகளை மாற்றச் சொன்னார். நான் வழக்கமாகப் போகும் பட்டறையின் முதலாளியோ, வண்டியைத் தொடாமலே தீர்ப்புக் கூறிவிட்டார். முந்தின வாரம் அங்கே ஒரு பையன் பெட்ரோல் பில்டரை மாற்றியிருந்தான். "பையன் சரியாகப் பூட்டவில்லை. குப்பை பம்புக்குள் போய்ப் பம்பு கருகிவிட்டது. புதுப் பம்பு 450 வெள்ளி. அதில் பாதியை அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன், உங்களுக்குக் கவலை வேண்டாம்" என்றார்.

அப்பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். தாய் பால்வெட்டியவர், தோட்டம் விற்கப்பட்டு வீடுகளானபின் பட்டணம் வந்த குடும்பம். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் நின்றதே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று அங்கிருந்தவர்கள் கருதினார்கள். பம்பையும் மாற்ற வேண்டாம், சம்பளத்திலும் கை வைக்க வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டு, வண்டியை எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் இளமையில் தோட்டத்து லாரிக் கொட்டகையில் தொழில் பழகியவர்.

அவர் செய்த பரீட்சையைக் கூறுமுன், பெட்ரோல் போகும் வழியைச் சற்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். வண்டியின் பின்புறம் தொட்டி. தொட்டிக்குள் மின்சாரப் பம்பு. பம்பு தள்ளும் பெட்ரோல் பில்டர் வழியாக முன்னே வந்து, இஞ்சினின் மேலுள்ள பகிர்வுக் குழாயை அடைகிறது. அங்கிருந்து இஞ்செக்டர்கள் அதனைத் தூவுகின்றன. குழாயின் கோடியில் ரெகுலேட்டர் என்னும் காவலன் இருந்து, மிஞ்சியதை மட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பி, அழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்துகிறான். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு இராத்தல் அழுத்தமே போதும். இஞ்செக்டர் வைத்த என் வண்டிக்கோ, சும்மா ஓடும்போது சுமார் 38 இராத்தலும், முழுப்பாரம் இழுக்கும்போது சுமார் 47 இராத்தலும் வேண்டும்.

முதலாளியின் தீர்ப்பைக் கேட்டதும் பெரியவர் சிரித்தார். "தம்பி, பம்பு முன்னே, பில்டர் பின்னே. கீழ்மடைக் குப்பை மேல்மடைக்கு ஏறுமா?" என்றார். ஆனாலும் அதனோடு அவர் நிற்கவில்லை. பையன் குற்றமற்றவன் என்பதையும் அளந்தே சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இஞ்சின் ஆறியபின், பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, இஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டுக் குழாயிலிருந்த அழுத்தத்தைப் போக்கினார். பின்பு மூவாய்க் குழாய் ஒன்றை இடையிற் பூட்டி, அதில் அழுத்தமானியை இணைத்தார். பியூஸைத் திரும்பப் போட்டு வண்டியைக் கிளப்பியதும் முள் 38-இல் நின்றது. "சரியாகத்தானே இருக்கிறது?" என்றேன். "சும்மா நிற்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மேட்டில் அல்லவா அதன் யோக்கியதை தெரியும்!" என்றார்.

அழுத்தமானியின் குழாயைப் பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து, முகப்புக் கண்ணாடியின்மேல் வெளிப்புறமாக ஒட்டி, மேட்டுச் சாலைக்குப் புறப்பட்டோம். பெட்ரோல் நிறைந்த குழாயை வண்டிக்குள் எக்காரணத்தாலும் கொண்டுவரலாகாது. ஏற்றத்தில் மிதியை அழுத்தியதும் 47-க்கு உயர வேண்டிய முள், படிப்படியாக இறங்கி 22-இல் வந்து நின்றது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. காரணம் இன்னும் தெரியவில்லை. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணித்தான் பலர் பம்பை மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள்.

கொட்டகைக்குத் திரும்பி, தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி, வரும் பெட்ரோலை அளவுப் பாத்திரத்தில் பிடித்தார். அரை நிமிஷத்தில் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டுமென்பது பொதுவான கணக்கு. வந்தது 250 மில்லி லிட்டர். சும்மா ஓடும் இஞ்சினுக்கு இது போதும். ஆகையால்தான் முள் 38-இல் நின்றது. மேட்டில் தேவை பெருகும்போது வரத்துக்கு வழியில்லை. அழுத்தம் சரியாயிருந்தும் அளவு குறைவாயிருக்கக் கூடும் என்பதை நான் அன்றே கற்றேன்.

அடுத்தபடியாகப் பின்னாசனத்தைத் தூக்கி, ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பிலோ 9.6 மட்டுமே. ஒரு வோல்ட் குறைந்தாலே சந்தேகிக்க வேண்டும். இங்கே நான்கு வோல்ட் வழியில் தொலைந்திருந்தது. பம்பின் எர்த் முனையிலிருந்து நேராகப் பேட்டரிக்கு ஒரு கம்பியை இழுத்து மறுபடியும் பெட்ரோலை அளந்தார். அரை நிமிஷத்தில் 700 மில்லி லிட்டர் வந்தது. பம்பும் நல்லது, பில்டரும் நல்லது, பையன் பூட்டிய பூட்டும் நல்லது. ஆசனத்துக்கடியில், மழைத்தண்ணீர் கசிந்து துருப்பிடித்திருந்த ஓர் எர்த் திருகாணியே குற்றவாளி. அதைச் சுரண்டித் துடைத்து, முனையை மாற்றிப் பூட்டியதற்கு அவர் கேட்ட கூலி 30 வெள்ளி. மறுநாள் கெந்திங் செம்பா மேட்டில் முள் 47-ஐ விட்டு அசையவில்லை.

அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார், மன்னிப்பொன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மாதம் பையனுக்குச் சம்பளம் குறைவின்றிக் கிடைத்தது. பையன் மட்டும் தாளைக் கையில் வாங்கி, அந்த அழுத்தமானி என்ன விலையாகும் என்று கேட்டான்.

நிற்க, எல்லா வண்டிக்கும் இதே காரணம் என்று அன்பர்கள் கொள்ளலாகாது. பில்டர் அடைத்திருந்தாலும், பம்பு தேய்ந்திருந்தாலும் மேட்டில் இதே திணறல் உண்டாகும். ரெகுலேட்டர் கெட்டிருந்தால், தொட்டிக்குத் திரும்பும் இரப்பர்க் குழாயை மெல்ல ஒரு கணம் நெருக்கிய அளவில் முள் சட்டென்று உயரும். உயராவிட்டால் குறை வரத்துப் பக்கத்திலுள்ளது. ரெகுலேட்டரோடு சேர்ந்த சிறிய காற்றுக் குழாயில் பெட்ரோல் ஈரம் கண்டால், அதனுள்ளிருக்கும் சவ்வு கிழிந்ததென்று அறியலாம். இஞ்சினை நிறுத்தியதும் முள் விரைந்து விழுமானால், பம்பின் தடுப்பு வால்வோ, ரெகுலேட்டரோ, ஏதேனும் ஓர் இஞ்செக்டரோ ஒழுகுகிறது. காலையில் நெடுநேரம் சுழற்றியபின்பே வண்டி கிளம்புவதற்கு இஃதொரு காரணம்.

புதிய வண்டிகளின் கணினி, பி 0171 என்பது போன்ற குறியைக் காட்டும். பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்பதே அதன் பொருள். பம்பை மாற்று என்று அது சொல்லவில்லை. எங்கோ காற்றுக் கசிந்தாலும் அதே குறி வரும். சும்மா ஓடும்போது மிகுந்து, வேகத்தில் குறையும் கோளாறு பெரும்பாலும் காற்றுக் கசிவு. பாரம் ஏற ஏற மிகும் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் குறைவு. இன்னும், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைச் செலுத்தும் இஞ்சின்களில் அழுத்தம் ஈராயிரம் இராத்தலையும் தாண்டும். அக்குழாய்களைத் தெரியாதவர் தொடுதல் உயிருக்கே ஆபத்து. பழைய வண்டியிலும் இவ்வேலையைத் திறந்த வெளியில், நெருப்பும் புகையிலையும் அணுகாத இடத்தில், தீயணைக்கும் கருவி பக்கத்திலிருக்கவே செய்தல் வேண்டும்.

கைமுடையால் பத்து வெள்ளிக்கும் ஐந்து வெள்ளிக்கும் பெட்ரோல் போடுகிறவர்கள் நம்மில் பலர். தொட்டிக்குள்ளிருக்கும் பம்பைக் குளிரச் செய்வது அந்தப் பெட்ரோலே. தொட்டி எந்நேரமும் வறண்டு கிடந்தால் பம்பின் ஆயுள் குறையும். கூடியவரை கால் தொட்டிக்குக் கீழே இறங்கவிடாதிருப்பது நலம்.

இனிப் பட்டறைக்குப் போகும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பம்பை மாற்ற வேண்டும் என்று கூறப்பட்டால், பணிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள். பாரத்தில் அழுத்தம் எவ்வளவு? அரை நிமிஷத்தில் பெட்ரோல் எவ்வளவு வந்தது? பம்பின் முனையில் எத்தனை வோல்ட்? நல்ல தொழிலாளி இக்கேள்விகளுக்குக் கோபங்கொள்ளமாட்டார்; மகிழ்ச்சியோடு மறுமொழி கூறுவார். கோபிக்கிறவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் பணமும் தப்பும்; அளக்காத ஒரு குற்றத்துக்கு யாரோ ஓர் ஏழைப் பிள்ளை கூலியை இழப்பதும் தப்பும்.