மாடன் கோயில்ல ஒரு டிரான்ஸ் நைட்!

நெல்லை ஜங்ஷன்ல சேரன்மகாதேவி பஸ் ஏறினா, டவுணைத் தாண்டினதும் வர்றதுதான் எங்க பேட்டை. இந்துக் கல்லூரி, ஐ.டி.ஐ., ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன், வாசல்ல முறத்தை மடியில வெச்சு பீடி சுத்துற அக்காக்கள்... 'சுத்திப் பார்க்க வேற என்ன இருக்கு?'ன்னு ஹாஸ்டல் பசங்க கேட்டா, 'கொடைக்கு வாங்கல'ன்னு மட்டும் சொல்வேன்.

அப்படி வந்தவன்தான் என் ரூம்மேட். பையன் டிரான்ஸ் வெறியன். 90-கள்ல கோவா அஞ்சுனா பீச்சுல வளர்ந்த இசை அது. நிமிஷத்துக்கு சுமார் 140 அடி, நிக்காத தாளம். நடுவுல ஏதாவது ஹாலிவுட் விண்வெளிப் படத்துல வெட்டி எடுத்த ஒரு டயலாக். "படத்துத் துண்டை வெச்சே ஆளை வேற உலகத்துக்கு அனுப்புறான் பாரு மச்சி!"ம்பான்.

பஸ்ல வர்றப்ப அவன் காதுல எம்.ஐ.ஏ.வோட 'கலா' ஆல்பத்தை மாட்டினேன். டிரான்ஸ் இல்லதான். ஆனா யாழ்ப்பாணத்துல வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அம்மா பேரை வெச்சு 2007-ல போட்ட ஆல்பம். முதல் பாட்டு 'பேம்பூ பங்கா'வுல அதிர்றது நம்ம ராஜா சார் 'தளபதி'க்குப் போட்ட 'காட்டுக்குயிலு'! 'பேர்ட் ஃப்ளூ'வுல 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டு. பையன் வாய் அடைச்சுப் போச்சு.

சாயங்காலம் எங்க தெரு சுடலைமாடன் கோயில்ல, சவுண்ட் சர்வீஸ் அண்ணன் முதல்ல போட்டதே 'காட்டுக்குயிலு'தான். சத்தியமா நான் சொல்லி வைக்கல!

சாமக்கொடைக்கு ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டாங்க. கணியான் கூத்து. அண்ணாவி பாட, பொம்பளை வேஷம் கட்டின ரெண்டு பேர் ஆட, பின்னாடி ரெண்டு மகுடம். ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். மைக்செட்டே இல்லாம நெஞ்சுக்கூடு அதிருது. தாளம் ஏற ஏற, அதுவரைக்கும் டீ ஆத்திக்கிட்டிருந்த எங்க பெரியப்பா உடம்பு நடுங்க ஆரம்பிச்சுது. மாடன் வந்துட்டார். ரூம்மேட் என் கையைப் பிடிச்சவன் விடவே இல்லை.

நான் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன். விடியுறப்ப மகுடம் அடிச்ச தாத்தாகிட்ட போய், "இதுல எட்டு செகண்ட் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு பாட்டு பண்ணட்டுமா தாத்தா?"ன்னு கேட்டேன். அவர் கோபப்படலை. மகுடத்தைத் துணியில சுத்திக்கிட்டே கேட்டார்:

"ஏறுத அடியைத்தானே வெட்டுவ? சாமி ஏறிட்டா யாருப்பா இறக்குறது? இறக்குததுக்கு வேற அடில்லா இருக்கு!"

என்கிட்ட பதில் இல்லை. நாலு செமஸ்டர் சிக்னல், சர்க்யூட்னு படிச்சதுல இது வரவே இல்லையே! இன்னொண்ணும் உறுத்துச்சு. 'தளபதி'யை வெட்டினா ராஜா பேரை உலகமே சொல்லும். இந்தத் தாத்தா பேரை யார் சொல்லுவா? அவர் பேரைக் கேட்காமலே இல்ல பர்மிஷன் கேட்டிருக்கேன்! ஓடிப்போய்க் கேட்டு, ஃபைலுக்கு அந்தப் பேரையே வெச்சேன்.

மொத்தம் 52 நிமிஷம். இறக்குற அடி கடைசியில வருது. சரியா நாலு நிமிஷம். அதை வெட்ட மனசு வரலை. ரூம்மேட்தான் தினமும் கேட்கிறான், "லூப் ரெடியா மச்சி?"