காயங்களின் கணக்கு

கடலூர்ப் பேருந்து நிலையத்தில் நம் தம்பி மகன் இறங்கிய விதத்தைக் கண்டபோதே நமக்குச் செய்தி விளங்கிவிட்டது. படியின் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இடக்காலை ஊன்றி, வலக்காலை அதன் அருகே கொணர்ந்து வைத்தே இறங்கினான். வயது 23. வேறொரு மாநிலத்தில் மாத ஊதியம் பெற்று ஆடுகின்ற தொழில்முறைக் கால்பந்து வீரன். ஒரே பருவத்தில், ஒரே தொடையின் பின்தசை, மூன்றாம் முறையாகக் கிழிந்திருந்தது. ஹாம்ஸ்ட்ரிங் என்று வீரர்கள் வாய்க்கு வாய் சொல்வது அந்தத் தசையைத்தான்.

முதல்முறை அது கிழிந்தபோது அவன் சிதம்பரத்திலிருந்த நம்மைத் தொலைபேசியில் அழைத்தான். பன்னிரண்டாம் நாளே களத்தில் இறங்குமாறு கழகத்தார் கேட்கிறார்கள், வலி இன்னும் அடங்கவில்லை, என்ன செய்வது பெரியத்தா என்று கேட்டான். ஊதியம் வாங்குகிறவன் அழைத்தால் போகத்தானே வேண்டும், பொறுத்துக்கொள் தம்பி, அல்லாஹ் காப்பான் என்று நாம் விடை சொன்னோம். நம் தந்தையார் காய்ச்சலோடு கடை திறந்த கதையையும் சேர்த்துச் சொன்னோம். அவன் போனான், அந்த ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் தசை மீண்டும் கிழிந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தொலைபேசிப் பேச்சுத்தான்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நம் தாயார் கண்ணேறு என்றார். தினமும் மக்ரிபுக்குப் பின் ஃபலக், நாஸ் சூராக்களை ஓதி அவன் காலில் ஊதினார். தம்பி, அந்த ஊர் மைதானம் கட்டாந்தரை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் எதிரணியினரின் முரட்டுத்தனத்தைக் குறை கூறினார். நாமோ, நஸீபு என்று சொல்லி வாயை மூடிக்கொண்டோம். நம் பங்குக்குரிய தவற்றை மறைத்துக்கொள்ள அதைவிட வசதியான சொல் வேறில்லை.

கண்ணேறு உண்மை என்பது நபிமொழி; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பையன் ஒரு செய்தியைச் சொன்னான். அவனுடைய அணியில் 26 பேர். பிப்ரவரியில் ஒரு வாரம் அவர்களில் 9 பேர் காயத்தால் வெளியே அமர்ந்திருந்தார்களாம். ஓர் இளைஞன் விழுந்தால் கண்ணேறு என்று கொள்ளலாம். ஒன்பது பேர் ஒருசேர விழுந்தால், அந்த ஒன்பது பேருக்கும் பொதுவானது எது என்று தேடுவதுதான் முறை.

சிதம்பரத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றோம். அவர் தொடையை அமுக்கிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், தசை ஆற வேண்டிய காலத்தைக் குறித்தார். பிறகு, “தசையைப் பற்றி நான் சொல்லிவிட்டேன். ஏன் திரும்பத் திரும்ப அறுகிறது என்பதை உடற்கல்வி தெரிந்தவரிடம் கேளுங்கள்” என்றார். அண்ணாமலை நகரில் நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் காலைப் பார்க்கவேயில்லை. “தேதிகளைக் கொண்டு வா” என்றார்.

தேதிகள் யாவும் பையனின் கைபேசியில் இருந்தன: ஆட்ட நாட்கள், பயிற்சி நாட்கள், ரயில் பயணங்கள், யார் யார் எப்போது காயமுற்றார்கள் என்ற விவரங்கள். தம்பியின் கடையிலிருந்து ஒரு பேரேட்டை எடுத்து வந்து, அஸருக்குப் பின் உட்கார்ந்து, இஷா வரை எழுதினோம். கடைக்காரரான தம்பிக்கு உடற்கூறு தெரியாது. வரவு செலவு தெரியும். இடப்பக்கம் ஆட்டமும் பயணமும், வலப்பக்கம் ஓய்வு என்று அவரே கோடு போட்டார். பாதிப் பக்கம் நிரம்புவதற்குள், “இந்தக் கடை மூழ்கும் கடை” என்று எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஒன்பது பேரில் மூவருக்கு மோதலால் வந்த காயம். கணுக்கால், தோள், மூக்கெலும்பு. அவற்றை யாரால் தடுக்க முடியும்? மற்ற ஆறு பேரையும் எவரும் தொடவேயில்லை. ஓடும்போதே தசை பிடித்துக்கொண்டது. ஆறில் ஐந்து, முந்தைய ஆட்டம் முடிந்து மூன்று நான்கு நாட்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் நேர்ந்தவை. இருவருக்கு அது பழைய காயம் முற்றும் ஆறாத இடம். அவ்விருவரில் ஒருவன் நம் பையன். இடையில் முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட ரயில் பயணங்கள் இரண்டு. பருவம் தொடங்குமுன் உடலைப் பதப்படுத்துவதற்குக் கிடைத்த காலமோ மூன்று வாரங்கூட இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் இதைக் கண்டு வியக்கவில்லை. உலகம் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டது என்றார். அவர் சொன்னவற்றைப் பின்னர் நாமும் தேடிப் படித்தோம். சுவீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் 2001இல் தொடங்கி, ஐரோப்பாவின் முதல்தரக் கழகங்களின் காயங்களை ஆண்டுதோறும் பதிந்து வருகிறார். 25 பேர் கொண்ட அணியில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 50 காயங்கள் நேர்கின்றன என்பது 2011இல் வெளியான அவருடைய கணக்கு. பயிற்சியில் ஆயிரம் மணி நேரத்துக்கு 4 காயங்கள் என்றால், ஆட்டத்தில் 27. ஒவ்வொரு பாதியிலும் நேரம் செல்லச் செல்லக் காயம் மிகுகிறது. 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் தொடைப் பின்தசைக்கு உரிய பங்கு நூற்றுக்கு 12; 2021-22இல் அது 24 ஆகிவிட்டது. செல்வமும் மருத்துவரும் நிறைந்த கழகங்களின் நிலையே இது என்றால், ஓர் இயன்முறை மருத்துவரை வைத்து 26 பேரைப் பேணும் கழகத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம்மை இன்னும் உறுத்தியது. ஒரே அணியின் வீரர்கள் வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடியபோது ஆயிரம் மணி நேரத்துக்கு 4.1 காயங்கள், வாரத்துக்கு இரண்டு ஆடியபோது 25.6. இதில் வியப்பு என்னவெனில், அவர்கள் ஓடிய தூரமோ வேகமோ குறையவில்லை. பார்ப்பவருக்கு வீரன் நன்றாகவே தோன்றுகிறான்; அவனுக்கே தான் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. தசைக்கு மட்டுமே உண்மை தெரியும். தொலைபேசியில் நம் பையனின் குரலும் உறுதியாகத்தான் ஒலித்தது.

நம் நாட்டுக் கழகங்களையும் எண்ணிப் பார்த்தோம். சென்னையின் எஃப்.சி. 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் பத்து அணிகளில் கடைசி. வியாசர்பாடி தந்த நடுக்கள வீரர் தன்பால் கணேஷ் அப்பருவத்தை முழங்கால் காயத்தால் இழந்தார். அந்த வீழ்ச்சிக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வது பேதைமை. எனினும் நடுக்களத்தில் ஓர் ஆள் குறைந்தால், அவருடைய ஓட்டத்தையும் மற்றவர்களே ஓட வேண்டும். 2020-21இல் கொரோனாவின் பொருட்டு எல்லா ஆட்டங்களும் கோவாவின் மூன்று மைதானங்களில் நடந்தன. நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரிக்குள் ஒவ்வோர் அணியும் 20 ஆட்டங்களை ஆடி முடிக்க வேண்டியிருந்தது. சென்னை அணியின் தலைவர் ரஃபேல் கிரிவெல்லாரோ டிசம்பரில் கணுக்கால் காயத்தால் பருவத்தின் எஞ்சிய பகுதியை இழந்தார். அவ்வணி 3 வெற்றிகளோடு எட்டாம் இடத்தில் நின்றது. கணுக்காலை எதிராளியின் பூட்ஸ் உடைக்கலாம். நான்கைந்து நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற ஏற்பாட்டைச் செய்தது பூட்ஸ் அன்று.

ரமளானைப் பற்றியும் பேச்சு வந்தது. நோன்பு வைத்துக்கொண்டு ஆடினால் கால் அறாமல் என்ன செய்யும் என்று, நம்மவர் ஒருவரே கேட்டார். கத்தாரின் தொழில்முறைக் கழகங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டவர்கள், ரமளானில் காயங்கள் பெருகக் காணவில்லை. 2012இல் வெளியான துனீசிய ஆய்விலோ, நோன்பிருந்த வீரர்களுக்குப் பயிற்சியின்போது மோதலின்றி நேரும் காயங்கள் அம்மாதத்தில் கூடியிருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழியை நோன்பின் மீது போட இடமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஸஹருக்கு எழுந்தவனைக் காலை வெயிலில் ஓடவிடுவதா, இஃப்தாருக்குப் பின் பயிற்சி தருவதா, அவன் எப்போது உறங்குவான் என்பவற்றையெல்லாம் பயிற்சியாளர் சிந்திக்க வேண்டும். நம் பையனின் காயங்கள் மூன்றும் ரமளானுக்கு முன்பே நேர்ந்துவிட்டன என்பதை அந்த நண்பரிடம் சொன்னோம். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்குக்கு ஒரு மாலை அவனை அழைத்துச் சென்றோம். கடலூர், பெண்கள் கால்பந்துக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை வெளியூர் வாசகர்கள் அறியாதிருக்கலாம். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் இவ்வூரார். இவ்வூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தின் அணி 2017-18 இந்திய மகளிர் லீக்கில் ஆடியிருக்கிறது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டு மகளிர் தேசியப் பட்டம் பெற்றபோது ஊரே பெருமைப்பட்டது.

அன்று மைதானத்தில் சிறுமியர் சிலர் பந்தைத் தொடுமுன் ஒரு பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒருத்தி மண்டியிடுகிறாள், பின்னால் நிற்பவள் அவளுடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொள்கிறாள். மண்டியிட்டவள் உடலை விறைப்பாக வைத்து, தொழுகையில் ஸுஜூதுக்குப் போவதினும் மெதுவாக முன்னே சாய்கிறாள். தாங்க முடியாத கட்டத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்கிறாள். அவர்களுள் முக்காடு அணிந்த ஒரு பிள்ளையும் இருந்தாள். தலைத்துணியோடு ஆடுவதற்கு உலகக் கால்பந்து விதியில் 2014இல்தான் இடம் கிடைத்தது என்ற நினைவு நமக்கு வந்தது.

பையன் அதையே உற்றுப் பார்த்தான். “இதைத்தான் பெரியத்தா எங்க கிளப்பில் ஒருநாளும் செய்யலே. நேரமில்லேன்னு விட்டுட்டாங்க” என்றான்.

அந்த எளிய பயிற்சியை டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களிடம் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்த இரு பகுதியில், செய்யாதவர்களுக்கு 52 தொடைப் பின்தசைக் காயங்கள், செய்தவர்களுக்கு 15. நார்வேயில் 1,892 சிறுமியரிடம் இருபது நிமிடப் பதப்பயிற்சி ஒன்றைச் சோதித்தபோது, கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என்று 2008இல் எழுதினார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் வேண்டும். ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் அறுவது ஆண்களைவிட அவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இங்கிலாந்தின் ஆர்சனல் மகளிர் அணியில் 2022 நவம்பர் முதல் 2023 மே வரை பெத் மீட், மீடெமா, லியா வில்லியம்சன், வீன்ராய்த்தர் என்று நால்வருக்கு அடுத்தடுத்து அந்த நார் அறுந்தது. உலகத்தின் பெரிய கழகங்களுள் ஒன்று அது. கடலூர்ச் சிறுமியருக்கு அதன் செல்வம் இல்லை. மண்டியிட ஒரு மைதானமும் காலைப் பிடிக்க ஒரு தோழியும் இருக்கிறார்கள்.

எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் மற்றொன்றும் கண்டிருக்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளரும் மருத்துவக் குழுவும் நன்றாகப் பேசிக்கொள்ளாத கழகங்களில் காயச்சுமை கூடுதலாக இருந்தது. இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. நம் பையன் பன்னிரண்டாம் நாள் களம் இறங்கியபோது இயன்முறை மருத்துவர் வேண்டாம் என்றாராம். பயிற்சியாளர் வேண்டும் என்றாராம். இருவருக்கும் இடையே முடிவு சொல்லும் பொறுப்பு 23 வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவன் தன் வீட்டுப் பெரியவரைக் கேட்டான். பெரியவர் பயிற்சியாளரின் பக்கம் சேர்ந்துகொண்டார்.

பகலெல்லாம் நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய இளைஞரான அப்துல்லாஹ் இப்னு அம்ரை அழைத்து, உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய செய்தியைப் பலமுறை மேடையில் நாம் பேசியிருக்கிறோம். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், ஒரு கழகத்தின் புள்ளிப் பட்டியலுக்கு எவ்வளவு வரம்பு வேண்டும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுமாறு கற்றவர்கள் நாம். பையன் கேட்டபோது, கட்டாத ஒட்டகத்தைக் காட்டி அல்லாஹ் காப்பான் என்று சொல்லியிருக்கிறோம்.

ஒருநாள் இரவு அவனிடமே சொன்னோம்: “தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு.”

அவன் சற்று நேரம் பேசவில்லை. “நீங்க சொல்லலேன்னாலும் போயிருப்பேன் பெரியத்தா. போகாதேன்னு யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னுதான் கேட்டேன்” என்றான்.

ஷவ்வால் பிறந்து பத்தாம் நாள் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வாரத்தில் பயிற்சி முகாம். வருகிறாயா, வேறு ஆளைப் பார்க்கவா என்றார்கள். இம்முறை அவன் யாரையும் கேட்கவில்லை. எட்டு வாரம் ஆகும், மருத்துவர் தேதி குறித்திருக்கிறார் என்றான். அவர்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறினார்கள். இதை எழுதும்வரை சொல்லவில்லை. தம்பி அந்தப் பேரேட்டை மூடாமல் வைத்திருக்கிறார். வலப்பக்கத்தில் நாள்தோறும் ஒரு வரி ஏறுகிறது. ஃபஜ்ருக்குப் பின் அவன் முற்றத்தில் பாயைப் போட்டு மண்டியிடுகிறான். இளையவன் கணுக்காலைப் பிடிக்கிறான். நம் தாயார் சுவரோரம் அமர்ந்து ஓதி ஊதுகிறார். நேற்று ஆறு முறை சாய்ந்தான் என்று தம்பி தொலைபேசியில் சொன்னார்.