ஸ்லோ நிக்கல!

ஆட்டோமொபைல் பேப்பரில் 82 மார்க் வாங்கிய கையோடு லீவுக்கு ஊருக்குப் போனேன். தலைக்கனம் 82-க்கும் மேலே!

சித்தப்பாவிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் உண்டு. மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. வயதில் எனக்கு அண்ணன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மதியம் காய்கறி மூட்டை. இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சோறு. சும்மா இருப்பானேன் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி மாட்டினேன்.

திங்கட்கிழமை காலை வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறியது. ரெய்ஸ் பண்ணினால் நன்றாக ஓடும். காலை எடுத்தால் ஆஃப்.

"என்னடா, ஸ்லோ நிக்கல?"

"பிளக் போயிருக்கும் சித்தப்பா."

கடன் சொல்லி மூன்று பிளக் வாங்கி வந்தார். உதறல் அப்படியே இருந்தது. பாயின்ட் என்றேன், பெட்ரோலில் கலப்படம் என்றேன். ஸ்லோ ஸ்க்ரூவை எத்தனை சுற்று என்று எண்ணாமல் திருகித் தள்ளினேன். இரண்டு நாள் டிரிப் போச்சு. பிள்ளைகளின் பெற்றோர் வேறு வண்டி தேட ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள் விடியலில்தான் புத்தி வந்தது. ரப்பர் கையுறை போட்டு, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே அளவு வேகம் இறங்கியது. அப்படியானால் கோளாறு மூன்றுக்கும் பொதுவான இடத்தில். ஸ்லோவில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், மேனிஃபோல்டில் வேக்குவம் அதிகம். சின்னச் சந்து கிடைத்தாலும் வெளிக்காற்றை இழுக்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்று பரீட்சையில் எழுதினேனே, அந்தக் கணக்கு அங்கே கெட்டுவிடும். ரெய்ஸ் பண்ணும்போது உள்ளே போகும் காற்றே ஏராளம் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று தெரியாது.

சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து கார்புரேட்டரின் அடியில் சொட்டு சொட்டாக விட்டேன். ஓர் இடத்தில் சத்தம் மாறி, இன்ஜின் ஒரு நொடி நிதானமாக நின்றது. ஏர் எடுக்கும் இடம் அதுதான். கழற்றிப் பார்த்தால் பேக்கிங் கிழிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழற்றும்போதே கிழிந்ததைப் பார்த்தேன். 'பரவாயில்லை' என்று அதையே மாட்டியவன் நான்!

"தப்பு என்னோடது சித்தப்பா" என்று சொல்ல, கோளாறைத் தேடியதைவிட அதிக நேரம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. புது பேக்கிங் போட்டதும் ஸ்லோ நின்றது. "பிளக் காசை உன் முதல் சம்பளத்துல கழிச்சுக்கறேன்" என்றார்.

வண்டியில் கோளாறு என்றால், கடைசியாக யார் எங்கே கை வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த ஆள் நாமாகவே இருந்தால், அடுத்தவரைப் பிளக் வாங்க அனுப்பும் முன் சொல்லிவிடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்