துரைக்கு ஒரு வேலை

வெள்ளைக்காரத் துரைமார்கள் எல்லோரும் 1947-இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு துரை வந்து சேர்ந்தான். நாலு கால், கறுப்பும் வெள்ளையுமாய் அடர்ந்த ரோமம், சலவைக் காலர் மாட்டியதுபோல் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். ஜாதி, 'பார்டர் கோலி'. என் பெண் ஏதோ ஒரு படத்தில் அந்த நாயைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் என்னைத் தூங்கவிடவில்லை.

"நாய்களிலேயே மகா புத்திசாலி, சார்!" என்றார் விற்றவர். புத்திசாலியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் சொல்லவில்லை. பிற்பாடு இதை என் மனைவியிடம் சொன்னபோது, "எனக்கும் அந்தக் கஷ்டம் உண்டுங்க" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

'துரை' என்று பெயர் வைத்தவர் என் தகப்பனார். காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கொறங்காடும் ஆட்டுப்பட்டியுமாக எழுபது வயது வரை வாழ்ந்தவர். அம்மா போன பிறகு, முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ளவே, ஆடுகளை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். முன் வராந்தாவில் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தேன். வேளைக்குக் காப்பி, காலையில் பத்திரிகை, மாலையில் தைலம். அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நாய் வந்த அன்று அதை மேலும் கீழும் பார்த்தார். "துரைக்கு இங்க என்னப்பா சோலி?" என்று கேட்டார்.

"சோலி ஒண்ணும் இல்லீங்கப்பா. சும்மா வீட்டோட இருக்கும்."

"என்னையாட்டம்னு சொல்லு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எட்டு மாதத்தில் துரை தன் புத்தியைக் காட்ட ஆரம்பித்தான். காலையில் இரண்டு மைல் ஓட்டி வந்தாலும் களைப்பு என்பதே கிடையாது. திரும்பி வந்ததும் சோபாவின் பஞ்சைப் பிடுங்குவான். தென்னம்பாத்தியைத் தோண்டுவான். தோண்டுவதற்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் சுழலும் மின்விசிறியை மணிக்கணக்கில் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். குளிர் தேசத்து உடம்பாயிற்றே! சித்திரை வெயிலில் குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொள்வான். வீட்டில் யாரும் குளிக்க முடியாது. ராத்திரியானால் ஒவ்வொரு கட்டிலாகப் போய் முகர்ந்துவிட்டு வருவான். ஓர் ஆள் குறைந்தாலும் அவனுக்குத் தூக்கம் வராது.

அவனுடைய பூர்வோத்தரத்தைப் படித்துப் பார்த்தேன். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையான மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்த குலம். நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893-இல் 'ஹெம்ப்' என்று ஒரு நாய் பிறந்தது. அந்தக் காலத்து மேய்ப்பு நாய்கள் குரைத்தும் விரட்டியும் வேலை செய்தன. ஹெம்ப் வாயைத் திறப்பதில்லை. உடம்பைத் தாழ்த்திக் கண்ணாலேயே ஆடுகளை நகர்த்தும். இன்றைய பார்டர் கோலிகள் எல்லாம் அதன் வம்சம் என்கிறார்கள். 1915-இல் ஜேம்ஸ் ரீட் என்பவர்தான் 'பார்டர்', அதாவது எல்லை, என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்தார் என்பது வரலாறு. மலைச்சரிவில் நாள் முழுவதும் ஓடி ஓடி ஆடு வளைக்கப் பிறந்த ஜீவனை நான் அறுபதடிக்கு நாற்பதடி மனையில் அடைத்து வைத்திருந்தேன்!

என் பெண்ணின் பத்தாவது பிறந்த நாளன்று விபரீதம் நடந்தது. வந்திருந்த குழந்தைகள் எட்டுப் பேர் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். துரை சத்தமே இல்லாமல் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒவ்வொருவராக மடக்கி, மதில் மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். ஒரு பையன் மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடினான். துரை அவனுடைய குதிகாலைக் கவ்வினான். ரத்தம் வரவில்லை, பல் பட்ட இடம் சிவந்திருந்தது. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தோம்.

பையனின் தாயார் சாயங்காலம் வந்து அமைதியாகத்தான் சொன்னார்: "நாயை வெச்சுக்குங்க, இல்லீன்னா எங்க பழக்கத்தை வெச்சுக்குங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவருக்கு அன்றிரவே போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைக் கொண்டுபோவதாகச் சொன்னார். என் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

என் எழுத்து அறைக்குள் அப்பா வருவதே இல்லை. அன்று வந்து கதவோரம் நின்றார்.

"அது கடிக்கலை. மடக்குச்சு" என்றார். "நம்ம பட்டி நாயி காவலுக்கு. நரி வந்தாக் குலைக்கும். ஆடு மடக்கறது மனுசன் சோலி. இந்த நாயி அந்தச் சோலியத் தெரிஞ்சுட்டே பொறந்திருக்குது. சோலி குடுக்காம வெறும் சோறு போட்டுட்டிருந்தா, எவனுக்குத்தான் புத்தி பேதலிக்காது?"

அவர் நாயைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். ஆனாலும் நான் தலை நிமிரவில்லை.

"ஒரு மாசம் எங்கிட்ட விடு."

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கைத்தடியோடு கிளம்பினார். பக்கத்திலிருந்த காலி மனைதான் பள்ளிக்கூடம். 'நில்லு' என்பது முதல் பாடம், 'படு' இரண்டாவது. வலப்பக்கம், இடப்பக்கம் போவதற்கு, ஏர் ஓட்டும்போது மாடுகளுக்குச் சொன்ன சொற்களையே வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக 'போதும்' என்ற பாடம். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த எல்லைநாட்டு மேய்ப்பர்களும் வேலை முடிந்ததும் தங்கள் பாஷையில் அதையேதான் சொல்லி நாயைக் கூப்பிடுவார்களாம். அப்பாவுக்கு அது தெரியாது.

அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் 'சேஸர்' என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்ததையும், அது 2011-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்ததையும் ஒருநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"எத்தனை வருசம் புடிச்சுது?"

"மூணு வருசமுங்க."

"அவருக்கு வயசு?"

"எழுபதுக்கு மேல. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருங்க."

"அப்ப எனக்கும் நாள் இருக்குது" என்றார். பழைய ஆட்டுக் கணக்கு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, 'கண்ணாடி, செருப்பு, பேப்பர்' என்று எழுத ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி சிநேகிதர் வந்து, காப்பி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

போன தை மாதம் ஊருக்குப் போனோம். பங்காளி ஒருவரின் காட்டில் இருபது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. துரை ஆட்டையே பார்த்தறியாதவன். பார்த்த மாத்திரத்தில் உடம்பு தரையோடு தாழ்ந்தது. முன்கால் ஒன்று அந்தரத்தில் நின்றது. அப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டார். அம்புபோல் பாய்ந்தான். ஆடுகள் சிதறின, ஒன்று கிளுவை வேலியில் மாட்டிக்கொண்டது. "செனை ஆடு இருக்குதுப்பா!" என்று பங்காளி அலறினார். "நில்லு!" என்று அப்பா கத்தியது அவன் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை விழுந்தது. நின்றான். பிறகு மெதுவாக, அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி, பதினோரு ஆடுகளைச் சேர்த்து அப்பாவின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

அப்பா அசையாமல் நின்றார். ஆடுகள் அவர் முழங்காலை உரசிக்கொண்டிருந்தன. ஓர் ஆட்டின் காதை மடித்து உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கை பழக்கத்தில் செய்தது. "போதும்டா, துரை" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவன் படுத்துவிட்டான்.

"இனிமே இதக் கூட்டிட்டு வராதே, அண்ணா" என்றார் பங்காளி, வேலியிலிருந்து ஆட்டை விடுவித்துக்கொண்டே.

"நீ சொல்றது நாயம்தான். பழகாத நாயை ஆட்டுக்குள்ள விட்டது என் தப்பு" என்றார் அப்பா. திரும்பும்போது காரின் பின் ஆசனத்தில் இருவரும் தூங்கிவிட்டார்கள்.

நோட்டில் இப்போது 46 சொற்கள் இருக்கின்றன. கடைசிச் சொல் என் பெயர். இரவு எட்டு மணிக்கு அப்பா அதைச் சொன்னால், துரை என் அறைக்குள் வந்து வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பான். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். நாலு வருஷமாக அவர் வாசலிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், "இதோ வர்றேங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டேயிருந்தேன். அவர் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். துரையிடம் அந்த 'இதோ' செல்லுபடியாவதில்லை. நான் எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் இலை முன்னால் உட்காருகிறவரை அவன் பிடியை விடமாட்டான்.