முறையும் நகர்வும்

இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்யும் காலையிலே பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்திருப்பின் பால் சிரட்டையை வந்தடையாது. மழைநீரோடு கலந்து மரத்தடியில் வழிந்தோடிவிடும். அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள தெஹியோவிட்டப் பகுதியில் அத்தகைய காலைகளுக்குப் பஞ்சமில்லை. வேலை இல்லையேல் அன்றைக்குப் பேரும் இல்லை. ஆதலால் பெரியவர்களுக்கு அது கவலைக்குரிய காலை. சிறுவனாயிருந்த எனக்கோ அது ஆடுபுலி ஆட்டத்துக்கென விடிந்த காலை.

லயத்து இஸ்தோப்பிலே தாத்தா கரித்துண்டினால் கட்டம் கீறுவார். மூன்று இறப்பர் விதைகள் புலிகள். அவ்விதைகளின் மேலுள்ள கபிலப் புள்ளிகளைப் பார்த்தவர்கள், இதனினும் பொருத்தமான புலியை எந்தக் கடையிலும் வாங்கவியலாது என்பதை ஒப்புக்கொள்வர். பதினைந்து கூழாங்கற்கள் ஆடுகள். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. ஆட்டுக்காரர் தமது முறைக்கு ஓர் ஆட்டை மட்டுமே இறக்கலாம். பதினைந்தும் இறங்கி முடியும்வரை இறங்கிய எந்த ஆடும் அசையக்கூடாது. புலிகளுக்கு அத்தடை கிடையாது. கோட்டின்வழியே அடுத்த புள்ளிக்கு நகர்வது இரு சாராருக்கும் பொது. நேர்கோட்டில் அப்பால் வெற்றிடமிருந்தால் ஆட்டைத் தாண்டி வெட்டுவது புலிக்கு மட்டும் உரியது. மூன்று புலிகளையும் அசையவொட்டாது அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இவ்வகை ஆட்டம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. நேபாளத்தில் நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் 25 புள்ளிகளில் மோதுகின்றன. சிங்கள மக்களிடையே வழங்கிய சிறுத்தை ஆட்டங்களை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியான ‘ஏன்ஷியன்ட் சிலோன்’ என்ற நூலில் பதிவு செய்துள்ளார்.

புலியின் வலிமை அதன் பாய்ச்சலிலே உள்ளது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பிழை. வெட்டு எதுவும் நிகழாது பதினெட்டுக் காய்களும் இறங்கிவிட்டால் எஞ்சுவன ஐந்து வெற்றிடங்களே. அவ்வைந்தும் புலிகளின் பக்கத்தில் அமைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புலி முன்னும் பின்னுமாக உலாவிக் காலம் கழிக்கலாம். ஆடுகளுக்கு அந்த வசதி இல்லை. முறை வந்தால் ஏதேனும் ஓர் ஆடு நகர்ந்தே தீரவேண்டும்; நகர்வதற்கோ வேலியை விட்டு வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை. அரும்பாடுபட்டுக் கட்டிய வேலியைத் தன் கையாலேயே பிரிக்கவேண்டிய நிலை அது. இதனாலேயே தாத்தா ஆடுகளை ஆடும்போதெல்லாம் தமக்குப் பின்னால் ஒரு புள்ளியைக் காலியாக வைத்திருப்பார். ‘கோடிக்காம்பரா’ என்பது அதற்கு அவர் இட்ட பெயர். நெருக்கடி வரும்போது ஓர் ஆடு அங்கு சென்று திரும்பும், வேலி குலையாது.

முறை வந்தும் நகராதிருக்கலாமா என்பதே அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இடையே இருந்த தீராத வழக்கு. பெரிய தாத்தாவை நான் கண்டதில்லை. நகர விருப்பமில்லாதவன் சும்மா இருக்கலாம் என்பது அவருடைய கட்சி. நகர்த்தியே ஆகவேண்டும் என்பது தாத்தாவின் கட்சி. இளமையில் இவ்வழக்கின் பொருட்டு இருவரும் சில நாட்கள் பேசாதும் இருந்தனராம்.

ஆனால் வாழ்க்கையில் இருவரும் கட்சி மாறிவிட்டனர். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பெரிய தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்து, தலைமன்னாரிலே கப்பலேறினார். பால்வெட்டிய கையோடு சென்றவர் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த தேயிலைத் தோட்டமொன்றிலே வேலை செய்தார். தாத்தா எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. ஏனென்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார். 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே அவர் இந்நாட்டுப் பிரசையானார். அதற்கிடையில் வாக்குரிமையற்றுக் கழிந்த ஆண்டுகளை அவர் எண்ணினாரா என்பதை நான் அறியேன்.

பல்கலைக்கழக விடுதியிலே நண்பனொருவன் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை அறிமுகம் செய்தான். 1974இல் அமெரிக்காவில் வெளியான ஆட்டம் அது. மாந்தரும் பூதங்களும் பொருதுகையில் யார் முந்துவது என்பதை இருபது முகத் தாயக்கட்டை தீர்மானிக்கும். 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி போரின் தொடக்கத்தில் ஒருமுறை உருட்டினால் போதும்; பின்னர் அவ்வரிசையே சுற்றிவரும். ஒரு கட்டம் ஐந்தடி. சாதாரண மனிதன் ஒரு நகர்வில் முப்பது அடி, அதாவது ஆறு கட்டம் செல்லலாம். எதிரியின் கைக்கெட்டும் கட்டத்தை விட்டு அஜாக்கிரதையாக விலகினால், அவனுடைய முறை வராதிருந்தும் அவன் ஓர் அடி அடிக்கலாம். விலகுவதற்கும் விலையுண்டு என்னும் அவ்விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனினும் வியப்பூட்டியது வேறொன்று. முறை வந்தவன் ‘பிறகு ஆடுகிறேன்’ எனத் தள்ளிப்போடலாம். விரும்பியபோது வரிசையில் நுழையலாம். (2014ஆம் ஆண்டுப் பதிப்பு இச்சலுகையை நீக்கி, இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என முன்கூட்டிச் சொல்லிவைப்பதை மட்டும் விட்டுவைத்தது.)

விடுமுறைக்கு வீடு சென்றபோது இதனைத் தாத்தாவிடம் கூறினேன். பூதங்களையும் தாயக்கட்டையையும் அவர் பொருட்படுத்தவில்லை.

“அங்க சும்மா இருக்கலாமாய்யா?”

“இருக்கலாம் தாத்தா. முறையும் போகாது.”

நெடுநேரம் அவர் பேசவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. ஆயினும் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. பிறகு கரித்துண்டை எடுத்துக் கட்டத்தைக் கீறினார். எனக்கு ஆடுகள் வந்தன. ஆட்டம் முற்றிய வேளையில் என் வேலிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் காலியில்லை. கையைக் கட்டிக்கொண்டு, “நான் சும்மா இருக்கிறேன் தாத்தா” என்றேன்.

அவர் கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புலியை எடுத்து ஒரு புள்ளி நகர்த்தினார்.

“இத அண்ணனுக்கு எழுதிப்புடாதய்யா” என்றார்.